அந்த அரை மணி நேரத்தில் பேசுவது யார்?

கண்டி நகரிலிருந்து பேராதனைக்குப் போகிறவர்கள் கெட்டம்பேயைத் தாண்டித்தான் போகவேண்டும். மகாவலியை ஒட்டிய அந்த இடத்தில் விகாரை கண்ணில் படும், விளையாட்டு மைதானமும் கண்ணில் படும். பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகமும் அங்கேதான் இருக்கிறது என்பதைப் பஸ்ஸில் போகிற பலர் கவனித்திருக்க மாட்டார்கள். விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த இந்த அலுவலகம், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. இலங்கையில் எந்தப் பூச்சிமருந்தை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதை முடிவு செய்வது அதன் வேலை. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த நாட்டில் அதிக உயிர்களைக் காப்பாற்றிய இடங்கள் எவை என்று யாராவது கேட்டால், பெரிய ஆஸ்பத்திரிகளின் பெயர்களோடு இந்த அலுவலகத்தின் பெயரையும் தயங்காமல் சொல்வேன்.

1950இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஆறேழு பேர் என்ற அளவில்தான் தற்கொலை இருந்தது. 1995இல் அது 47 ஆகிவிட்டது. அந்த ஒரே ஆண்டில் எட்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கிராமத்தவர்கள். பசுமைப் புரட்சியின் காலத்தில் வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்த பூச்சிமருந்து, வீட்டுக் கூரையின் இடுக்கிலும் குசினி மூலையிலும் இடம்பிடித்திருந்தது. கோபமோ அவமானமோ தலைக்கேறிய கணத்தில் கைக்கெட்டியது அதுதான்.

பதிவாளர் அலுவலகம் 1984 முதல் மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்யத் தொடங்கியது. 1995இல் அந்த வகையில் எஞ்சியிருந்தவற்றின் இறக்குமதி நின்றது. 1998இல் இன்னொன்றும், 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்றும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் பெயர்கள் இந்தக் கட்டுரையில் வரமாட்டா. ஏன் என்பது போகப்போகத் தெரியும். விளைவை மட்டும் சொல்கிறேன். 1986 முதல் 1995 வரையான பத்தாண்டோடு ஒப்பிட்டால், அடுத்த பத்தாண்டில் தற்கொலைகள் 19,769 குறைந்தன என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கன்னலும் அவரது இலங்கைச் சகாக்களும் 2007இல் கணக்கிட்டார்கள். 1995 முதல் 2015 வரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்பது பின்னால் வந்த மதிப்பீடு. இன்று விகிதம் இலட்சத்துக்கு 15ஐ ஒட்டி நிற்கிறது. வேலையின்மை, மதுப்பழக்கம், விவாகரத்து, யுத்தம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கங்களையும் ஆய்வாளர்கள் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் இந்த வீழ்ச்சியோடு பொருந்தவில்லை. விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயமும் பொய்த்துப்போனது. அன்றைய பதிவாளர் காமினி மனுவீரவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தடைகளால் நெல்லோ மரக்கறியோ குறையவில்லை என்று காட்டியது.

சாக முடிவெடுத்தவர் ஒரு வழி அடைபட்டால் வேறொரு வழியைத் தேடிக்கொள்வார் என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் நினைப்பு. அப்படியானால் இத்தனை ஆயிரம் பேர் எப்படிப் பிழைத்தார்கள்? இதற்கான விடையை இலங்கை ஆஸ்பத்திரி வார்டுகளில் கட்டிலோரமாக உட்கார்ந்து பேசியவர்கள் கண்டுபிடித்தார்கள். பேராதனை மருத்துவ பீடத்தைத் தளமாகக் கொண்டு, மைக்கல் எடில்ஸ்டன், அண்ட்ரூ டோசன், நிக் பக்லி போன்ற நச்சியல் மருத்துவர்கள் இலங்கை மருத்துவர்களோடு சேர்ந்து நடத்திய தெற்காசிய ஆய்வுக் கூட்டமைப்பு இந்தத் துறையில் உலகத்துக்கே முன்னோடி. எடில்ஸ்டனின் குழு, கிராமப்புறத்து ஆஸ்பத்திரிகள் இரண்டில், நஞ்சருந்தி உயிர் தப்பிய 268 பேரிடம் பேசியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், முடிவெடுத்து அரை மணி நேரத்துக்குள் செயலில் இறங்கியவர்கள். திட்டம் போட்டவர்கள் அபூர்வம். பக்கத்தில் இருந்தது, அதனால் எடுத்தேன் என்றே 85 சதவீதமானோர் சொன்னார்கள்.

பேராதனை போதனா வைத்தியசாலையில் மனநல மருத்துவர் திலினி ராஜபக்ஷ நடத்திய ஆய்வு இன்னும் நெருக்கமானது. கண்டி மாவட்டத்து மக்கள் வந்துபோகும் அந்த வைத்தியசாலையில் நஞ்சருந்தி வந்த தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டதில், பெரும்பாலானவர்கள் இளைஞர்கள், யுவதிகள். செயலுக்குச் சற்று முன் நடந்தது என்ன என்று கேட்டபோது அதிகமாக வந்த பதில், மிக நெருங்கியவரோடு ஒரு சண்டை. காதலனோடு, கணவனோடு, அம்மாவோடு. செத்தே தீரவேண்டும் என்ற உறுதி அவர்களில் சிறுபான்மையினரிடமே இருந்தது. நீண்டகால மனச்சோர்வு உள்ளவர்களும் உண்டு, அவர்களுக்கு மருத்துவம் தேவை. ஆனால் நமது ஊரில் இந்த வார்டுக்கு வருகிறவர்களில் பலரைக் கொண்டுவந்தது, தாங்க முடியாத ஒரு மாலைப்பொழுது.

ஆகவே தடையால் கிடைத்தது நேரம். அந்த அரை மணி நேரத்தில் கைக்குக் கிடைத்தது உயிரைப் பறிக்காததாக இருந்தது. அதனால் அம்மா ஓடிவர முடிந்தது, பக்கத்து வீட்டார் முச்சக்கர வண்டி பிடிக்க முடிந்தது, டாக்டரால் காப்பாற்ற முடிந்தது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

இந்த வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மரணம் குறைந்த அதே காலத்தில், நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அதாவது துன்பம் குறையவில்லை. வீட்டில் மருந்தைப் பூட்டி வைத்தாலாவது பலன் இருக்குமா என்று வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுக்கப்பட்டது. 2017இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. சட்டத்தால் செய்ய முடிந்ததைப் பூட்டால் செய்ய முடியவில்லை. சட்டத்தால் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் அந்த மனிதரோடு பேசுவது.

ஒரு காலத்தில் அப்படிப் பேசியது பக்கத்து வீட்டு அக்காவோ, சித்தியோ, தோட்டத்துத் தலைவரோ, கோயில் ஐயாவோ. 1974இல் ஜோன் டி மெல் ‘சுமித்ரயோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். லண்டனில் 1953இல் பாதிரியார் சாட் வாரா ஆரம்பித்த தொண்டைப் பின்பற்றி, முன்பின் தெரியாத ஒருவரின் துயரத்தைத் தீர்ப்பு சொல்லாமல் கேட்பதற்கென்றே தொண்டர்களைப் பழக்கிய அமைப்பு அது. கண்டியிலும் அதற்கு நிலையம் உண்டு. இன்றைக்கோ, ராத்திரி பதினொரு மணிக்கு மனம் உடைந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை முதலில் எடுப்பது போனை. மலையகத் தோட்டங்களில் இது இன்னும் உண்மை. லயத்து அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும், காலையில் தோட்டம் முழுக்கத் தெரியும். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில், அப்பா கொழும்பில் என்ற குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளைக்குத் தனிமை என்று ஓர் இடம் இருக்குமானால் அது அந்தத் திரைக்குள்தான். அங்கே அது ஒரு ஸ்டேட்டஸ் போடுகிறது, ஒரு குழுவில் நாலு வரி எழுதுகிறது. “இனிமே நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்.”

இதற்கு யார் பதில் சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். இணையத்தில் தற்கொலையைப் பற்றிப் பேசுவது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2013இல் அதுவரை வெளிவந்த 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது இரண்டையும் கண்டார்கள். தன்னைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடித்து, முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லி, ஆறுதல் அடைந்தவர்கள் இருந்தார்கள். அதே இடத்தில் துன்பத்தில் இன்னும் ஆழமாக அமிழ்ந்தவர்களும், அபாயமான விவரங்களைப் பெற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆகவே பேசுவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எதைப் பேசுவது என்று கேட்பதே பயனுள்ளது. இதற்கு விஞ்ஞானம் ஓரளவு தெளிவாகவே பதில் வைத்திருக்கிறது.

வழியைப் பற்றிய பேச்சு கொல்லும். அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974இல், பத்திரிகையின் முதற்பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்த பின் தற்கொலைகள் கூடுவதைப் புள்ளிவிவரங்களால் காட்டினார். கதேயின் 1774ஆம் ஆண்டு நாவலின் நாயகன் பெயரால் அதற்கு ‘வெர்தர் விளைவு’ என்று பெயரிட்டார். வியன்னாவில் சுரங்க ரயில் பாதையில் நடந்த மரணங்களைப் பத்திரிகைகள் படம்பிடித்து, விலாவாரியாக எழுதிக்கொண்டிருந்தன. 1987இல் மருத்துவர்கள் பத்திரிகையாளர்களிடம் போய், இப்படி எழுதாதீர்கள் என்று நெறிமுறை ஒன்றைக் கொடுத்தார்கள். பத்திரிகைகளும் கேட்டுக்கொண்டன. அந்த ஆண்டின் பிற்பாதியிலேயே அங்கே நடந்த தற்கொலைகள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. எப்படி, எதனால், எந்த இடத்தில் என்ற விவரங்கள் செய்தியிலிருந்து நீங்கியிருந்தன.

கெட்டம்பே அலுவலகம் செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். கையில் இருப்பது எவ்வளவு அபாயமானது என்று யோசித்து எடைபோட அந்த 268 பேரில் பெரும்பாலோருக்கு நேரமும் இல்லை, தகவலும் இல்லை. அதனால்தான் சந்தையிலிருந்து கொடியது போனதும் உயிர்கள் தப்பின. அந்தத் தகவலை யாரோ ஒருவர் ஒரு குழுவில் அலட்சியமாக எழுதினால், கடை அலமாரியிலிருந்து இருபது முப்பது ஆண்டுகள் பாடுபட்டு அகற்றியதைத் திரை வழியாக மறுபடியும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதாகும். மருந்துகளின் பெயர்களை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான். முகநூலில் மரணச் செய்தி பகிர்கிற ஒவ்வொருவரும் இதை யோசிக்கவேண்டும். போட்டோ வேண்டாம், கடைசிக் கடிதம் வேண்டாம், வழி வேண்டாம், இடம் வேண்டாம். “காதல் தோல்வியால்” என்று ஒரே சொல்லில் காரணத்தைக் கட்டிவிடுவதும் வேண்டாம். எந்தத் தற்கொலைக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை, அப்படி எழுதினால் அதே நிலையில் இருக்கிற இன்னொரு பிள்ளைக்கு அதுவே வழி என்று தோன்றிவிடும்.

வலியைப் பற்றிய பேச்சு வேறு. தோமஸ் நீடர்குரோட்டன்தாலர் என்ற வியன்னா ஆய்வாளர் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 2005ஆம் ஆண்டின் முதற்பாதியில் ஆஸ்திரியப் பத்திரிகைகளில் வந்த 497 கட்டுரைகளை அவர் குழு வகை பிரித்துப் பார்த்தது. சாகவேண்டும் என்று நினைத்தவர் அந்த நேரத்தைக் கடந்து வந்த கதையைச் சொன்ன கட்டுரைகளுக்குப் பின் தற்கொலைகள் குறைந்திருந்தன. மொசார்ட்டின் இசை நாடகம் ஒன்றில் பபகேனோ என்ற பாத்திரம் காதலை இழந்தேன் என்று எண்ணிச் சாகத் துணிகையில், மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழியை நினைவூட்டித் தடுப்பார்கள். ‘பபகேனோ விளைவு’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. எனக்கு இந்த ஆய்வு மிக முக்கியமாகப் படுகிறது. வாயை மூடிக்கொண்டிருப்பது பாதுகாப்பல்ல என்பதற்கு இதுவே ஆதாரம். நானும் அங்கே இருந்தேன், இப்படிக் கடந்து வந்தேன் என்று ஒருவர் சொல்வது இன்னொருவர் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது.

ஏன் அப்படி? தற்கொலை ஆய்வின் முன்னோடி எட்வின் ஷ்னைட்மன், அந்த நேரத்து மனத்தின் முக்கிய அடையாளம் பார்வை குறுகிப்போவது என்றார். ரம்பொடை மலைப்பாதையில் பனி இறங்கும்போது நாலு அடிக்கு மேல் எதுவும் தெரியாது. வளைவும் இருக்கும், வீடும் இருக்கும், தேநீர்க் கடையும் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த நிலையில் உள்ள மனத்துக்கு ‘இப்படியே இரு, அல்லது செத்துப்போ’ என்ற இரண்டைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் அந்த நிலை நிலைத்து நிற்பதுமில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் போனுக்கு நாளில் பலமுறை கேள்வி அனுப்பி, ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று பதில் வாங்கிய அமெரிக்க ஆய்வொன்றை இவான் கிளைமனும் சகாக்களும் 2017இல் வெளியிட்டார்கள். அந்த எண்ணம் சில மணி நேரத்துக்குள்ளேயே பெரிதாக ஏறி இறங்குவதை அது காட்டியது. காலையில் பத்துக்கு எட்டாக இருந்தது மாலையில் மூன்றாகலாம். துன்பத்தில் இருக்கிறவருக்கு உள்ளிருந்து பார்க்கையில் அது தெரியாது. இனி எப்போதும் இப்படித்தான் என்றே தோன்றும்.

சொல்லாக்குவது அந்த ஏற்றத்தை மட்டுப்படுத்துகிறது. மத்தியூ லிபர்மன் 2007இல் செய்த மூளைப் படப் பரிசோதனையில், கோபமும் பயமும் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அடங்கியது. நெற்றிக்குப் பின்னாலுள்ள, உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதியொன்று கூடுதலாக வேலை செய்தது. ‘ஆத்திரமா இருக்கு’, ‘வெட்கமா இருக்கு’ என்று சொல்ல முடிவதே ஒரு சிகிச்சையின் தொடக்கம். தோமஸ் ஜொய்னர் என்ற உளவியலாளர் இன்னொன்றைச் சொன்னார். நான் யாருக்கும் சொந்தமில்லை என்ற எண்ணமும், நான் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணமும் சேரும்போது சாக விரும்பும் மனம் உருவாகிறது. அந்தப் பிள்ளை ஸ்டேட்டஸில் எழுதிய வரியை மறுபடி படியுங்கள்.

“சாக நினைக்கிறவன் சொல்லிட்டா சாவான்? சும்மா பயமுறுத்துறான்.” இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது பொய். தற்கொலையால் இறந்தவர்களில் பலர் அதற்கு முன் யாரிடமோ ஏதோ ஒரு வடிவில் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு பொய், கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்பது. நியூயோர்க் மாநிலத்தின் ஆறு பாடசாலைகளில் 2,342 மாணவர்களை வைத்து மெடலின் கூல்ட் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்கப்பட்ட மாணவர்களுக்கு மற்றவர்களைவிட மனத்துன்பம் கூடவில்லை. ஏற்கனவே மனச்சோர்வோடு இருந்த பிள்ளைகளுக்கோ, கேட்டதால் துன்பம் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுத் தொகுப்புகளும் இதையே உறுதிசெய்தன. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை.

துன்பத்தில் இருக்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத் தடுக்கவேண்டும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காயம்பட்டவனுக்குத்தான் காயம்பட்டவனின் பாஷை தெரியும். ஆனால் அங்கே ஒரு பொறி உண்டு. அமெண்டா ரோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002 முதல் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தார். இரண்டு தோழிகள் ஒரே பிரச்சினையை மீண்டும் மீண்டும் கிளறி, கெட்டதையே பேசிப்பேசி இருக்கும்போது அவர்கள் நட்பு இறுகியது, கூடவே சோர்வும் பதற்றமும் கூடின. ஆறுதல் என்று நினைத்தது ஆழத்துக்கு இழுத்தது. குழுவில் எல்லோரும் ‘எனக்கும் அப்படித்தான்’, ‘உண்மைதான், ஒண்ணும் மாறாது’ என்று தலையாட்டினால், நம்பிக்கையின்மையே அந்தக் குழுவின் பொதுக் கருத்தாகிவிடும். யாராவது ஒருவர் ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனா’ என்று தொடரவேண்டும். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதுதான் காப்பாற்றுகிறது. முன்முன் டி சௌத்ரியும் எம்ரே கிசிமனும் ரெடிட் தளத்தின் மனநலக் குழுக்களில் வந்த ஆயிரக்கணக்கான பதில்களைப் பகுத்தாய்ந்து 2017இல் சொன்னதும் இதற்கு நெருங்கியதுதான். நீ மதிப்புள்ளவன் என்று உணர்த்தும் பதிலும், நாங்கள் உன்னோடு இருக்கிறோம் என்று சேர்த்துக்கொள்ளும் பதிலும் கிடைத்தவர்கள், பின்னாளில் தற்கொலைப் பேச்சுக்கு நகர்வது குறைவாக இருந்தது.

நம்முடைய வழக்கமான பதில்களை நினைக்கும்போது மனம் வலிக்கிறது. “உன்னைப் பெத்தவங்களை நினைச்சுப் பாரு.” அந்தப் பிள்ளை ஏற்கனவே தன்னைப் பாரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இது அந்தப் பாரத்தைக் கூட்டும். “இதுக்கெல்லாமா?” இது வலியை இல்லையென்று ஆக்கும். “கடவுள்கிட்ட விடு” என்பதும், அன்பாகச் சொன்னாலும், பேச்சை அங்கேயே முடித்துவிடும். என்ன சொல்லலாம்? பொது இடத்தில் கமென்ட் போடாமல் தனியாக எழுதுங்கள், முடிந்தால் கூப்பிடுங்கள். “தங்கச்சி, இப்ப எங்க இருக்கிறா? என்ன நடந்தது, நான் கேட்கிறேன், மெதுவாச் சொல்லு.” சொல்லும்போது குறுக்கே போகாதீர்கள். பிறகு நேராகவே கேளுங்கள்: “செத்துப்போகணும் போல இருக்கா?” ஆம் என்றால், பயந்து பின்வாங்காதீர்கள், திட்டாதீர்கள். இரகசியமாக வைத்திருப்பேன் என்று சத்தியமும் பண்ணாதீர்கள். அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், அதன் பக்கத்தில் போய் உட்காரக்கூடிய ஒருவரை எழுப்புங்கள். அபாயமான பொருள்களை அந்த ஆள் அப்புறப்படுத்தட்டும். காலையில் ஆஸ்பத்திரிக்கோ ஆலோசகரிடமோ கூட்டிப் போங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் காலை வரை காத்திருக்கவே கூடாது.

அதற்குப் பிறகும் தொடர்பை விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், ஐந்து நகரங்களில் நடத்திய ஒரு பரிசோதனையில் கொழும்பும் சென்னையும் இடம்பெற்றன. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதத்துக்குள் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ஒரு விசாரிப்பும். 2008இல் முடிவு வெளியானபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதமானோர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இவ்வளவு மலிவான, இவ்வளவு எளிய ஒரு மருந்து இந்தத் துறையில் வேறில்லை என்று நினைக்கிறேன். ‘எப்படி இருக்கிறா?’ என்று ஒன்பது முறை. வார்டிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்குத் தோட்டத்திலோ கிராமத்திலோ காத்திருப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: கிசுகிசு, வெட்கம், மௌனம். சட்டம்கூட நீண்ட காலம் அப்படித்தான் நடத்தியது. ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைச் சட்டம், பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. 1998இல்தான் இலங்கை அந்தப் பிரிவை நீக்கியது. சட்டம் மன்னித்துக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் ஊர்வாய் இன்னும் மன்னிக்கவில்லை.

சமூக வலைத்தள நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. லண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மரணத்தை விசாரித்த அதிகாரி, சமூக வலைத்தளங்கள் அவள் முன் குவித்த உள்ளடக்கமும் அந்த மரணத்துக்குப் பங்களித்தது என்று 2022இல் தீர்ப்பளித்தார். சோகத்தைத் தேடினால் மேலும் சோகத்தையே கொண்டுவந்து கொட்டும் இயந்திரத்துக்கு அந்தப் பிள்ளையின் வயது தெரியாது, நேரம் தெரியாது. நமக்கு இன்னொரு கூடுதல் ஆபத்து இருக்கிறது, அது மொழி. கண்டி மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கும் ஏற்பாடு முகநூலிடம் போதிய அளவில் இருக்கவில்லை. 2020இல் அந்த நிறுவனம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. வெறுப்பைச் சிங்களத்தில் கண்டுகொள்ளத் தவறிய அமைப்பு, துயரத்தைத் தமிழில் கண்டுகொள்கிறதா? அதுவும் ஆங்கில எழுத்தில், பேச்சு வழக்கில் ஒரு தோட்டத்துப் பிள்ளை தட்டும் தமிழை? இலங்கையின் மருத்துவ பீடங்களும் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவும் இந்தக் கேள்வியை அந்த நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கவேண்டும். பூச்சிமருந்து நிறுவனங்களின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு ஒரு சிறிய அலுவலகத்தால் சந்தையை மாற்ற முடிந்த நாடு இது.

இதைப் படிக்கிற உங்களுக்கே அப்படியோர் எண்ணம் இருக்குமானால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். வெளியே வந்து, நீங்கள் நம்பும் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை இரவும் பகலும் தமிழிலும் கிடைக்கிறது. 1333 இன்னொரு இலவச ஆலோசனைச் சேவை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 14416 அல்லது 104 என்ற எண்ணை அழைக்கலாம். லக்ஷ்மி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044 24640050. மற்றவர்கள் இந்த எண்களை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இரவில் அப்படியொரு ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள்.